பயமில்லாத வானம்: ஒரு சிறு பறப்புப் பள்ளியில் கண்டவை

ஆகாயத்தில் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பது மனிதருக்கு இயல்பு. ஆனால் எங்கள் பெண்களில் பலர் நிமிர்ந்து பார்ப்பதில்லை, குனிந்துகொள்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். கிபிரின் இரைச்சலும், ஹெலியின் சடசடப்பும், ‘வண்டு’ என்று நாம் பெயர் வைத்த வேவு விமானத்தின் ஓயாத முரலலும் ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. 2019 ஒக்டோபரில் பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, சென்னைக்குப் பயணிகள் விமானம் பறக்கத் தொடங்கியது. அதைக் கண்டு பிள்ளைகள் கை காட்டினார்கள். தாய்மாரோ ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டுத்தான் மீண்டும் தொடங்கினார்கள். களப்பணியின்போது இதை நான் எத்தனையோ வீட்டு முற்றங்களில் கண்டிருக்கிறேன்.

அதே வானத்தை விளையாடும் இடமாக வைத்திருக்கின்ற சாதாரண மனிதர்கள் சிலரைப் பற்றியதே இக்கட்டுரை.

2023ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சின்னம்மாவின் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், அங்குள்ள வைத்தியசாலை ஒன்றில் கருவிகளைத் திருத்தும் வேலை செய்பவர். ஐம்பது வயதை நெருங்கும் அவர், சனிக்கிழமைகளில் யோர்க் நகருக்குக் கிட்டிய ஒரு சிறு பறப்புப் பள்ளியில் மைக்ரோலைற் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். நான்கு வார இறுதிகள் அவருடன் நானும் போனேன். சமூகவியல் படித்த எனக்கு, அங்கே வானத்தில் நடந்ததைவிடத் தரையில் நடந்ததே பெரிதாகத் தெரிந்தது.

மைக்ரோலைற் என்றால் என்ன?

ஒருவரோ இருவரோ மட்டும் ஏறக்கூடிய மிகச் சிறிய விமானமே மைக்ரோலைற். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சாதாரண விமானத்தைப் போலவே சிறகும் வாலும் மூடிய இருக்கையும் கொண்டது. மற்றையது துணிச் சிறகு கொண்டது. மூன்று சில்லுள்ள ஒரு வண்டி, அதன் பின்புறத்தில் எஞ்சினும் விசிறியும், மேலே முக்கோண வடிவத்தில் விரிந்த ஒரு துணிச் சிறகு. அவ்வளவுதான். ஆட்கள் ஏறாதபோது அதன் நிறை ஏறக்குறைய இரண்டு மோட்டார் சைக்கிள்களின் நிறைதான். கண்ணாடி இல்லை, கதவு இல்லை. ஹெல்மெற்றும் தடித்த உடுப்பும் போட்டுக்கொண்டு முன்னால் மாணவரும் பின்னால் பயிற்றுநரும் அமர்வார்கள்.

இந்த வகையில் திருப்பும் வளையம் கிடையாது. சிறகோடு பொருத்திய ஒரு தடி ஓட்டுபவரின் நெஞ்சுக்கு முன்னால் இருக்கும். வண்டி சிறகில் ஊஞ்சல் போலத் தொங்குவதால், தடியை இடப்பக்கம் தள்ளினால் உடம்பின் பாரம் வலப்பக்கம் போகும். விமானமும் வலப்பக்கம் திரும்பும். தடியை முன்னே தள்ளினால் வேகம் குறையும், தன் பக்கம் இழுத்தால் வேகம் கூடும். தன் உடம்பின் பாரத்தைக் கொண்டே ஓட்டுகிற விமானம் இது.

இதற்கு அனுமதிப்பத்திரம் பெற, அப்போது இருந்த விதிப்படி குறைந்தது 25 மணித்தியாலப் பறப்புப் பயிற்சி வேண்டும். அதில் 10 மணித்தியாலம் தனியாகப் பறந்திருக்க வேண்டும். வானிலை, வழி கண்டறிதல், சட்டம், இயந்திரம், மனித உடலும் மனமும் ஆகிய பாடங்களில் எழுத்துப் பரீட்சையும் உண்டு. ‘மனித உடலும் மனமும்’ என்ற பாடம் என்னைக் கவர்ந்தது. களைப்பு, துக்கம், கோபம், அவசரம் ஆகியவை ஒருவரின் தீர்மானங்களை எவ்வாறு கெடுக்கின்றன என்பதை ஒவ்வொரு மாணவரும் படித்தாக வேண்டும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் அன்று பறக்காமல் விடுவது அங்கே வெட்கத்துக்குரிய காரியமல்ல.

திரைச்சீலையில் பிறந்த சிறகு

இந்தத் துணிச் சிறகின் கதையில் ஒரு பெண்ணின் கைவேலை இருப்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் வாழ்ந்த பிரான்சிஸ் ரொகாலோ ஒரு விமானப் பொறியியலாளர். அவரது மனைவி கேர்ட்ரூட் முன்னாள் ஆசிரியை. வேலை முடிந்த நேரங்களில் இருவரும் தங்கள் வீட்டிலேயே, பெரிய மின்விசிறி ஒன்றைக் கொண்டு காற்றுச் சுரங்கம் அமைத்து ஆராய்ச்சி செய்தார்கள். விறைப்பான சட்டம் எதுவும் இல்லாமல், காற்றின் அழுத்தத்தினாலேயே உருப்பெறும் ஒரு துணிச் சிறகு செய்ய முடியுமா என்பதே அவர்களது கேள்வி. அந்த ஆராய்ச்சிக்குக் கேர்ட்ரூட் எடுத்துக் கொடுத்தது சமையலறைத் திரைச்சீலைத் துணி. 1948இல் அது பறந்தது. 1951இல் கிடைத்த காப்புரிமைப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவரின் பெயரும் உள்ளன. அப்பத்திரத்தில் அதற்கு இட்ட பெயர் ‘நெகிழும் பட்டம்’. ஆம், நம் பிள்ளைகள் விடும் பட்டம்தான்.

1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனம் அச்சிறகைக் கொண்டு விண்கலங்களைத் தரையிறக்கலாமா என்று பரிசோதித்தது. 1963இல் அவுஸ்திரேலியாவின் கிராப்டன் என்ற சிற்றூரில் ஜோன் டிக்கன்சன் என்பவர், ஒரு மனிதர் தொங்கிப் பறக்கக்கூடிய சிறகை அமைத்தார். அதற்கு அவர் போர்த்தியது வாழைக்குலைகளை மூடும் பிளாஸ்ரிக் தாள். பிறகு 1970களில் அத்தகைய சிறகுகளோடு சிறு எஞ்சின்களைப் பொருத்தினார்கள். மைக்ரோலைற் பிறந்தது.

தொடக்க காலத்தில் பலர் பயிற்றுநர் இல்லாமல் தாங்களாகவே பழகினார்கள். விழுந்து இறந்தவர்களும் உண்டு. பிரித்தானியாவில் மைக்ரோலைற் ஓட்டுநர்களுக்கான சங்கம் 1979இல் அமைந்தது. இருவர் இருந்து பழகும் விமானங்களும், பயிற்றுநருக்கான தகுதிகளும், வருடாந்தப் பரிசோதனைகளும் படிப்படியாக வந்தன. அவற்றின் பின்னால் பலரது இழப்பு இருக்கிறது.

சனிக்கிழமைக் காலை

நான் போன பள்ளி ஒரு விவசாயியின் நிலத்தில் இருந்தது. புல் வெட்டிய ஒரு நீண்ட பாதைதான் ஓடுபாதை. பழைய தானியக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு விமானங்கள் சிறகோடு சிறகு உரசாமல் நெருக்கி நிறுத்தியிருந்தன. பக்கத்தில் ஒரு தகர அறை. அதற்குள் கேத்தில், குவளைகள், கிழிந்த சோபா, சுவரில் வரைபடம், வாசலில் சேற்றுச் சப்பாத்துகள். வெளியே கம்பத்தில் காற்றுத் திசை காட்டும் செம்மஞ்சள் துணிக்குழாய்.

வருபவர்கள் யார்? குழாய் திருத்துபவர், பாடசாலை ஆசிரியை, லொறிச் சாரதி, ஓய்வுபெற்ற தபாற்காரர், பல்கலைக்கழக மாணவன், ஒரு பல் வைத்தியர். வெளியே இவர்கள் ஒரே மேசையில் இருந்து தேநீர் குடிப்பார்களா என்பது சந்தேகம். இங்கே பல் வைத்தியருக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றக் காட்டிக்கொடுப்பவர் லொறிச் சாரதி. மாணவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் தபாற்காரர்.

தனியாக ஒரு விமானம் வாங்கும் வசதி அவர்களில் பலருக்கு இல்லை. எனவே நால்வரோ ஐவரோ சேர்ந்து ஒன்றை வாங்குகிறார்கள். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, காப்புறுதிக்கும் திருத்த வேலைக்கும் எடுக்கிறார்கள். முறை வைத்துப் பறக்கிறார்கள். நம் ஊர்ச் சீட்டைப் போன்றதொரு நம்பிக்கையில்தான் இது ஓடுகிறது.

இங்கிலாந்தின் வானிலை நிலையற்றது. நான் போன நான்கு வார இறுதிகளில் ஒன்றில் எவருமே பறக்கவில்லை. காற்று மிகையாக இருந்தது. ஆனாலும் அன்று பதினைந்து பேருக்குமேல் வந்திருந்தார்கள். ஒருவர் கேக் செய்து கொண்டுவந்தார். இருவர் கொட்டகையின் கூரை ஒழுக்கை அடைத்தார்கள். மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டு காற்றைத் திட்டினார்கள். பறக்க முடியாது என்று தெரிந்தும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். “சனிக்கிழமை அல்லவா?” என்றார் தபாற்காரர்.

சிறகு பார்க்கும் கண்

பறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் விமானத்தைச் சுற்றி நடந்து பரிசோதிக்க வேண்டும். ஆணி, கம்பி, சில்லு, எண்ணெய், பெற்றோல், சிறகின் ஒவ்வொரு மூலை என எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். நேற்றுப் பார்த்தோமே என்பது அங்கே செல்லாது. இடையில் எவராவது பேச்சுக் கொடுத்துக் கவனம் கலைந்தால், மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

தையல் தெரிந்த நம் சகோதரிகள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். துணிச் சிறகுக்கு எதிரி வெயில். வெயில் பட்டுப் பட்டுத் துணியும் நூலும் வலுவிழக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆகையால் பரிசோதகர் மெல்லிய ஊசியொன்றைத் துணியிலும் தையலிலும் கோத்து, சிறு வில்தராசினால் குறித்த அளவு பலத்துடன் இழுத்துப் பார்ப்பார். துணி கிழிந்தாலோ நூல் அறுந்தாலோ அந்தச் சிறகு அதோடு சரி. ஒரு மனித உயிர் தையலில் தொங்குகிறது என்பதை அவர்கள் மறப்பதில்லை.

இன்னொரு பழக்கம் பதிவுப் புத்தகம். புறப்படுபவர் தன் பெயர், போகும் இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றை அதில் எழுதிவிட்டுத்தான் போவார். வேறிடத்தில் இறங்கினால் தொலைபேசியில் சொல்வார். குறித்த நேரத்துக்கு வராவிட்டால், தகர அறையில் இருப்பவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு வானத்தை, பிறகு தொலைபேசியை எடுப்பார்கள். யார் எங்கே என்று எவராவது ஒருவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. வீட்டை விட்டுப் போனவர் எங்கே என்று தெரியாமல் வருடக்கணக்காகக் காத்திருக்கும் பெண்களோடு வேலை செய்யும் எனக்கு, அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருக்கத் தோன்றியது.

அந்தச் சத்தம்

இனி என் கதைக்கு வருகிறேன். புதிய எஞ்சின்களின் ஒலி ஓரளவு மென்மையானது. பள்ளியில் இருந்த பழைய விமானம் ஒன்றின் எஞ்சின் அப்படியல்ல. தூரத்தில், உயரத்தில், ஒரே சுருதியில் முரலும். 2009இல் வன்னியில் இருந்த எவருக்கும் அந்தச் சுருதி தெரியும். முதல் நாள் அது தலைக்குமேல் வந்தபோது என் கையிலிருந்த குவளை ஆடித் தேநீர் சிந்தியது. கால்கள் சுவர்ப் பக்கமாகத் தாமே நகர்ந்தன.

அங்கே வானொலிக்கருகில் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்பவர் அறுபது வயதைக் கடந்த ஓர் ஓய்வுபெற்ற தாதி. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கதிரையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, வேறொரு தேநீர் ஊற்றித் தந்தார். பிறகு ஒவ்வொரு விமானமும் கிளம்பும் முன் “இப்போது பழையது எழும்பப் போகிறது, இரண்டு நிமிடத்தில் மேலே வரும்” என்று எனக்குச் சொல்லத் தொடங்கினார். சத்தம் வரப்போவது முன்கூட்டித் தெரிந்தபோது உடம்பு அவ்வளவு அஞ்சவில்லை. இது உளவளத்துணைப் பயிற்சிகளில் நான் படித்ததுதான். எவரும் படிப்பிக்காமலே அந்த அம்மா அதைச் செய்தார்.

அடுத்த வாரம் பயிற்றுநர் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிச்சென்று, ஓடாமல் நின்ற அந்த எஞ்சினில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். குளிர்ந்த இரும்பு. சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று காட்டினார். “பறக்க விருப்பமென்றால் சொல்லுங்கள். விருப்பமில்லையென்றாலும் சனிக்கிழமை வாருங்கள்” என்றார்.

நான் பறக்கவில்லை. கடைசி இரண்டு வார இறுதிகளிலும் அந்தத் தாதியுடன் இருந்து பதிவுப் புத்தகம் எழுதினேன். பறக்காதவருக்கும் அங்கே ஒரு கதிரை இருந்தது. ஒரு வேலையும் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தானிடம் கேட்டேன், உங்களுக்குப் பயமில்லையா என்று. 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரி வரை நடந்தவர் அவர். “உந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடினனான் பிள்ளை. இப்ப காசு குடுத்து அதைக் கேக்கிறன். முதல் ரெண்டு மாசம் கை நடுங்கினது. ஆனா இப்ப எஞ்சினைக் கூட்டுறதும் குறைக்கிறதும் என்ரை கையிலயெல்லோ இருக்கு” என்றார். எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது. பயந்த பொருளுக்குக் கிட்டப் போவதென்றால் மெதுவாக, தம் விருப்பத்தோடு, துணையோடு போக வேண்டும். அத்தானுக்கு அம்மூன்றும் கிடைத்திருந்தன.

கணவரின் பங்கு

அந்தத் தாதியின் கதையைப் பிறகுதான் அறிந்தேன். பறந்தவர் அவருடைய கணவர். நால்வரோடு சேர்ந்து ஒரு விமானத்தில் பங்கு வைத்திருந்தார். நோய் வந்து இறந்துவிட்டார். பங்கை விற்றுத் தருகிறோம், அல்லது வைத்திருங்கள், அவசரமில்லை என்றார்கள் மற்றவர்கள். ஒரு வருடம் மாதக் கட்டணத்தைத் தாங்களே பகிர்ந்து கட்டினார்கள். அந்த வருடம் முழுவதும் அவர் சனிக்கிழமைகளில் வந்து தேநீர் மட்டும் ஊற்றினார். வீட்டில் அழ முடியாததை இங்கே கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுததாகச் சொன்னார். இரண்டாம் வருடம் பழகத் தொடங்கினார்.

முதல் தனிப்பறப்பு என்பது மாணவர் வாழ்வில் பெரிய நாள். அது எப்போது என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு நாள் பயிற்சி நடுவே பயிற்றுநர் இறங்கி, “இனி நீங்களே ஒரு சுற்றுப் போய் வாருங்கள்” என்பார். ஆள் ஒருவர் குறைந்ததால் விமானம் வழமையைவிட விரைவாக மேலெழும். திரும்பிப் பார்த்தால் பின் இருக்கை வெறுமையாக இருக்கும். தாதிக்கு அந்த நாள் அறுபத்து மூன்றாவது வயதில் வந்தது. அவர் இறங்கியபோது அறையிலிருந்த எல்லோரும் புல்லில் வந்து நின்றார்களாம். “என் பின்னால் இருக்கை காலியாக இருப்பது எனக்குப் பழகியிருந்தது” என்று மட்டும் அவர் சொன்னார்.

குற்றம் சொல்லாத மேசை

ஒரு நாள் பல்கலைக்கழக மாணவன் காற்றைப் பிழையாகக் கணித்து, ஓடுபாதையின் கடைசியில்தான் இறங்கினான். விமானம் வேலிக்குச் சற்று முன்னே நின்றது. தகர அறைக்கு வந்து, என்ன நடந்தது என்று அவனே எல்லோருக்கும் சொன்னான். எவரும் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. “எந்த இடத்தில் இது பிழைக்கிறது என்று உணர்ந்தாய்?” என்று கேட்டார்கள். ஆசிரியை தனக்கும் அப்படி நடந்ததைச் சொன்னார். அரைமணி நேரத்தில் அது ஒருவனின் பிழையாக இல்லாமல், எல்லோருக்குமான பாடமாகிவிட்டது.

பிரித்தானிய விமானத் துறையில் இது ஆழமான பழக்கம். விபத்துகளை ஆராயும் அரச பிரிவு, குற்றம் சுமத்துவது தன் நோக்கமல்ல என்று தன் அறிக்கைகளில் எழுதுகிறது. தம் பெயர் வெளிவராமல் ஆபத்துகளைத் தெரிவிக்கும் ஏற்பாடும் 1982 முதல் உண்டு. மறைத்த பிழை அடுத்தவரைக் கொல்லும் என்பது அவர்கள் பட்டறிந்தது. கடன் தவணை தவறிய பெண்ணைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தும் நம் சங்கங்கள் சிலவற்றை நான் நினைத்துக்கொண்டேன். எழும்பி நின்ற பெண் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்று பிறகு எவருக்கும் தெரிவதுமில்லை.

இப்பள்ளிகளின் மேசைகளில் சில பெயர்கள் அடிக்கடி வரும். ஈவ் ஜக்சன் என்ற பெண் 1986இல் இங்கிலாந்திலிருந்து சிறு மைக்ரோலைற்றில் புறப்பட்டு, இடையிடையே தங்கித் தங்கி, 1987இல் அவுஸ்திரேலியாவை அடைந்தார். அவருக்கு முன் எவரும் மைக்ரோலைற்றில் அப்பயணத்தைச் செய்யவில்லை. டேவ் சைக்ஸ் என்பவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தவர். 2011இல் யோர்க் அருகேயுள்ள றபோர்த் என்ற இடத்திலிருந்து துணிச் சிறகு விமானத்தில் தனியாகப் புறப்பட்டு, ஏறக்குறைய மூன்று மாதங்களில் சிட்னி போய்ச் சேர்ந்தார். காலால் செய்யும் வேலைகளையும் அவர் கையாலேயே செய்தார். செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் நம் சகோதரிகளுக்கு இச்செய்தியை நான் பிறகு சொன்னேன். ஒருத்தி, “அவருக்கு அங்கை சில்லு வண்டி போற றோட்டு இருந்திருக்கும்” என்றாள். நியாயமான பேச்சு. மனவுறுதியை மட்டும் போற்றி, பாதை போடுவதை மறந்துவிடக் கூடாது.

குறைகளும் உண்டு

அந்த இடத்தைச் சொர்க்கமாகக் காட்ட நான் விரும்பவில்லை. பங்கு போட்டாலும் அது பணம் தேவைப்படும் பொழுதுபோக்கு. பெண்கள் மிகக் குறைவு. நான் கண்ட முப்பது பேரில் நால்வர்தான். சத்தத்தைப் பற்றி அயல் கிராமத்தவர்கள் முறையிடுகிறார்கள். அதனால் சில வீடுகளுக்குமேல் பறப்பதில்லை என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆபத்தும் இல்லாமலில்லை. எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் மாணவர்கள் மீண்டும் மீண்டும் பழகுகிறார்கள். எஞ்சின் நின்றாலும் சிறகு மிதந்து இறங்கும். ஆனால் இறங்க ஓர் இடம் வேண்டும். “எப்போதும் ஒரு வயலைப் பார்த்து வைத்துக்கொள்” என்பது பயிற்றுநர் ஓயாமல் சொல்லும் வாக்கு.

நமக்கு ஏன் இது?

ரே ஓல்டன்பேர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் ‘மூன்றாவது இடம்’ என்றொரு கருத்தை முன்வைத்தார். வீடு முதலாவது இடம், வேலைத்தலம் இரண்டாவது. எந்தக் கடமையுமின்றி மனிதர் கூடிப் பேசிச் சிரிக்கும் இடம் மூன்றாவது. அது இல்லாத சமூகம் நலிந்துபோகும் என்பது அவரது வாதம். அந்தத் தகர அறை அத்தகைய ஓரிடம்.

நம் பெண்களுக்கு அப்படியோர் இடம் முன்பு இருந்தது. கிணற்றடி இருந்தது, கோவில் வீதி இருந்தது, நெல்லுக் குத்தும் முற்றம் இருந்தது. இடப்பெயர்வும் முகாமும் மீள்குடியேற்றமும் அவற்றைக் கலைத்துவிட்டன. இன்று கணவனை இழந்த ஒரு பெண் வீட்டுக்கு வெளியே வருவதென்றால் அதற்கொரு காரணம் வேண்டும்: சங்கக் கூட்டம், கடன், படிவம், வழக்கு. தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுக்கும் நிறுவனங்களின் படிவங்களில் ‘உங்களுக்கு எதில் சந்தோசம்?’ என்ற கேள்வி இல்லை. அவள் சிரித்தால் ஊர் பார்க்கிறது.

திரும்பி வந்த பின், முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் சேர்ந்து வேலை செய்யும் பெண்கள் குழுவொன்றில் இதையெல்லாம் சொன்னேன். பதினான்கு பேர். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். திரைச்சீலையில் சிறகு செய்த கேர்ட்ரூட்டின் கதைதான் அவர்களுக்கு மிகவும் பிடித்தது. “அப்ப அது பட்டம் தானே” என்றாள் ஒருத்தி. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பற்றிப் பேச்சுப் போனது. 2024 தைப்பொங்கலுக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து தாங்களும் பட்டம் கட்டுவதென்று முடிவெடுத்தார்கள்.

ஊரில் முணுமுணுப்பு எழாமல் இல்லை. “தாலியறுத்ததுகளுக்குப் பட்டம் கேக்குதோ” என்று ஒரு முதியவர் கேட்டாராம். “இருபது வருசமா வானத்தைப் பாத்துப் பயந்தனாங்கள். ஒரு நாளைக்குப் பாத்துச் சிரிச்சால் என்ன, ஐயா?” என்று குழுவில் மூத்த அம்மா பதில் சொன்னாராம். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

பட்டத்துக்கு விண் கட்டினால் அது காற்றில் முரலும் என்பது நாம் அறிந்ததே. குழுவில் ஒருத்தி, “விண் மட்டும் வேண்டாம்” என்றாள். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. விண் இல்லாமலே பட்டங்கள் ஏறின. அடுத்த பொங்கலுக்கும் கட்டவில்லை. அவளாகச் சொல்லும்வரை கட்டப்போவதில்லை என்று வைத்திருக்கிறார்கள்.

விமானம் ஓட்டுவது நம்மில் எத்தனை பேருக்குக் கைகூடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய சில பழக்கங்களுக்குப் பணம் தேவையில்லை. உங்கள் சங்கத்திலும் இவற்றைச் செய்து பார்க்கலாம்:

மாதத்தில் ஒரு சந்திப்பையாவது கணக்கு, கடன், படிவம் எதுவுமின்றி வையுங்கள். தேநீரும் பேச்சும் போதும்.

வருபவர்களின் பெயரை எழுதி வையுங்கள். இரண்டு முறை வராதவரின் வீட்டுக்கு ஒருவர் போய் வாருங்கள். ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டாம். நலமா என்று கேட்டால் போதும்.

பிழை நடந்தால் ‘யார் செய்தது?’ என்பதற்கு முன் ‘எந்த இடத்தில் பிழைத்தது?’ என்று கேளுங்கள்.

செய்ய முடியாதவருக்கும் ஒரு கதிரையும் ஒரு சிறு வேலையும் கொடுங்கள்.

குழந்தைகளை வளர்க்கவும் கடனைக் கட்டவும் மட்டும் நாம் உயிர் தப்பி வரவில்லை. சேர்ந்து சிரிக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு. வருகின்ற சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒரு காரணமும் இல்லாமல் தேநீருக்குக் கூப்பிட்டுப் பாருங்கள்.